முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பூச்சியைப் பற்றியவை. எல்லாவற்றிலும் "என்ன அடிக்கலாம்?" என்ற கேள்வி இருக்கிறது. என்ன பூச்சி, இலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, கூடவே வேறு யார் இருக்கிறார்கள் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். நல்லவேளையாகச் சிலர் நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கடிதங்களையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அம்மா, வாரம் தவறாமல் வெண்டைச் செடிக்கு வேப்ப எண்ணெய் அடிக்கிறேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பூச்சிகள் உயிரோடு நடமாடுகின்றன. நான் வாங்கிய எண்ணெய் கலப்படமா?

கலப்படமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், வேப்ப எண்ணெய் என்ன வேலை செய்யும் என்பதைப் பார்த்துவிடுவோம். பட்டவுடன் பூச்சி சுருண்டு விழும் மருந்து இல்லை இது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியின் தீனியை நிறுத்துகிறது, குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைக் கெடுக்கிறது, முட்டையிடுவதைக் குறைக்கிறது. ஆகவே மறுநாள் காலையில் பூச்சி நடமாடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். புதுத் துளிர் சுத்தமாக வந்திருக்கிறதா, குஞ்சுகளின் கூட்டம் குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் எண்ணெய் வேலை செய்கிறது.

அப்புறம் கலக்கும் முறை. நான் பார்த்தவரை தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிவிட்டுக் கலக்கக் கூடாது. முதலில் எண்ணெயில் ஓரிரு மில்லி மென்மையான சோப்புத் திரவம் விட்டு நன்றாகக் குழைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்கினால் பால் போல வெளுத்து வரும். அதன் பிறகே மீதித் தண்ணீர். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே அடித்தால் எண்ணெய் திரண்டு விழுந்த இடமெல்லாம் இலை கருகும். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டும் வேண்டாம். பூச்சிக்கு முன் இலை கெட்டுப்போகும்.

வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தேனீக்களும் அந்த நேரத்தில் கூடு திரும்பியிருக்கும். தெளிப்பான் மூக்கைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் முழுவதும் நனையும்படி அடிக்க வேண்டும். வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். மேல்பக்கம் மட்டும் பளபளவென்று நனைந்த செடியில் பூச்சிக்கு ஒன்றுமே நடந்திருக்காது. புதுச் செடிக்கு அடிக்கும் முன் ஓரிரு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

வேப்பங்கொட்டை கிடைக்கும் என்றால் எண்ணெயைவிட நான் விரும்புவது கொட்டைச் சாறுதான். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் தளர்வாகக் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அன்று மாலையே அடித்துத் தீர்த்துவிட வேண்டும். எடுத்து வைத்தால் வீரியம் போய்விடும். பூசணம் பிடித்த கருத்த கொட்டை வேண்டாம்.

கேள்வி: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கிளை முழுக்கப் பஞ்சு ஒட்டியது போல இருக்கிறது. அவற்றில் சில மட்டும் மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியவை, வேகமாகவும் நகர்கின்றன. தாய்ப்பூச்சி என்று நினைத்து அவற்றை முதலில் பொறுக்கி நசுக்கி வருகிறேன். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. எறும்பும் ஏராளம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுதி அனுப்பச் சொன்னேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். தயவுசெய்து அந்தப் பெரியவற்றைக் கொல்லாதீர்கள். அவை மாவுப்பூச்சியே இல்லை, மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழுக்கள். பெயர் கிரிப்டோலேமஸ். உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு இழைகளோடு இருப்பதால் பார்க்க மாவுப்பூச்சி போலவே தெரியும்.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு செடியருகே உட்காருங்கள். மாவுப்பூச்சி தட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். ஓரத்தைச் சுற்றிலும் சின்னச் சின்ன இழைகள் வரிசையாக நிற்கும். குச்சியால் தொட்டால் அவ்வளவாக அசையாது. மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் வளராது. பொறிவண்டின் புழு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். இழைகள் நீளமாக, தடிமனாக, ஒழுங்கில்லாமல் கலைந்து கிடக்கும். தொட்டால் விறுவிறுவென்று நடந்து விலகும். இலேசாகப் புரட்டினால் ஆறு கால்களும் தெளிவாகத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தால் அது மாவுப்பூச்சியின் முட்டைப் பஞ்சுக்குள் தலையை விட்டுத் தின்பதையே பார்த்துவிடலாம். வளர்ந்த வண்டு கருப்பாக இருக்கும், தலைப்பக்கமும் வால்நுனியும் மட்டும் செம்மஞ்சள். மிளகளவுகூட இருக்காது.

இந்த வண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சு போன்ற ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அது ஆஸ்திரேலியாவிலிருந்து செடிகளோடு வந்த பூச்சி. வந்த இடத்தில் அதைத் தின்ன ஆள் இல்லை. அதன் சொந்த ஊரில் அதைத் தின்பது எது என்று கண்டுபிடிக்க, 1888இல் ஆல்பர்ட் கோபெலே என்ற பூச்சியியலாளரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர் அனுப்பிவைத்த வெடாலியா என்ற சின்னச் சிவப்புப் பொறிவண்டு, விட்ட ஓரிரு ஆண்டுக்குள் தோட்டங்களை மீட்டுக் கொடுத்தது. சில ஆண்டு கழித்து அதே மனிதர் மறுபடி போய் அனுப்பியவற்றில் ஒன்றுதான் உங்கள் செம்பருத்தியில் இருக்கும் கிரிப்டோலேமஸ். இன்று உலகத்தில் பல நாடுகளில் இதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து விற்கிறார்கள். உங்களுக்கு அது தானாகவே வந்திருக்கிறது.

இப்போது எறும்பு விஷயம். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி, மிச்சத்தை இனிப்பு நீராக வெளியேற்றுகிறது. எறும்பு அதைக் குடிக்க வருகிறது. குடிக்கக் கிடைக்கும் இடத்தைக் காவல் காக்கிறது, பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் விரட்டுகிறது. அந்த இனிப்பு நீர் இலைமேல் விழுந்து, அதில் கரும்பூசணம் படர்கிறது. ஆகவே எறும்பின் பாதையை நிறுத்துங்கள். தண்டைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, அதன் மேல் பிசின் தடவலாம். தொட்டி என்றால் அதை ஒரு தாங்கியில் வைத்து, தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தலாம். சுவரிலோ பக்கத்துச் செடியிலோ உரசும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவரும். மாவுப்பூச்சி மிக நெரிசலாக இருக்கும் கிளைநுனிகளை மட்டும் வெட்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெட்டும் முன் பெரிய புழுக்களை மெல்லிய தூரிகையால் எடுத்து மற்ற கிளைகளுக்கு மாற்றிவிடுங்கள். வேறு எதுவும் அடிக்காதீர்கள். கொஞ்சம் மாவுப்பூச்சி இருந்தால்தான் வண்டு தங்கும்.

கேள்வி: மிளகாய் இலையின் அடியில் தலைமுடி போன்ற நூல், அதன் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி. இப்படிப் பத்துப் பதினைந்து. ஏதாவது பூசண நோயா?

நோய் இல்லை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். முட்டைகளை இப்படித் தனித்தனி காம்பின் நுனியில் தூக்கி வைப்பதால் எறும்புக்கு எட்டுவது கடினம், முதலில் பொரித்த குஞ்சு பக்கத்து முட்டையைத் தின்பதும் குறைகிறது. பொரித்து வரும் புழு கொடுக்கு போன்ற தாடையால் அசுவினியைப் பிடித்து உறிஞ்சித் தீர்க்கும். அந்த இலையைக் கிள்ளாதீர்கள். எனக்கு இந்த முட்டைகளைப் பார்க்கும் நாளெல்லாம் நல்ல நாள்தான்.

கேள்வி: தட்டைப்பயறிலும் அவரையிலும் கருப்பு அசுவினி. இன்று பத்து இருந்தால் அடுத்த வாரம் நுனி முழுக்கக் கருப்பாகிவிடுகிறது. இவ்வளவு வேகமாக எப்படிப் பெருகுகிறது? நாங்கள் நிறைய சாணமும் புண்ணாக்கும் போட்டுத்தான் வளர்க்கிறோம்.

பெண் அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை. முட்டையும் இடுவதில்லை, நேராகக் குட்டி போடுகிறது. அந்தக் குட்டிக்குள் அடுத்த தலைமுறையின் கரு ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும். சூடான நாட்களில் ஒரு வாரத்துக்குள் குட்டி தாயாகிவிடும். நுனி கருப்பாவதன் காரணம் இதுதான்.

நீங்கள் சொன்ன புண்ணாக்கும் ஒரு காரணம். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் துளிர் கொழுகொழுவென்று மென்மையாக வரும், சாற்றில் அசுவினிக்குப் பிடித்த சத்து ஏறும். இயற்கை உரம் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பயறும் அவரையும் வேர்முடிச்சில் தாமே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் செடிகள். அவற்றுக்குப் புண்ணாக்கை நிறுத்திவிட்டு மட்கிய உரம் மட்டும் மிதமாகக் கொடுங்கள்.

அசுவினியை விரட்ட முதலில் தண்ணீரே போதும். குழாய்த் தண்ணீரை விசையாக, நுனியைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அடித்தால் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். ஏறிவர முடியாமல் நிறைய செத்துப்போகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை செய்யுங்கள்.

ஆனால் தண்ணீர் அடிக்கும் முன்பு கூட்டத்தை உற்றுப் பாருங்கள். சில அசுவினிகள் உப்பி, பொன்பழுப்பு நிறத்தில், காகிதம் போல உலர்ந்து இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றின் முதுகில் வட்டமாக ஒரு துளை இருக்கும். கொசுவைவிடச் சின்னக் குளவி ஒன்று அசுவினிக்குள் முட்டையிட்டு, அதன் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகித் துளைபோட்டு வெளியேறிய அடையாளம் அது. துளை இல்லாத கூட்டில் அடுத்த குளவி காத்திருக்கிறது. இந்தக் குளவி மனிதரைக் கொட்டாது. இப்படிப்பட்ட கூடுகள் நிறைய தெரிந்தால் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருங்கள். கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, முதலைக் குட்டியின் வடிவில் ஊர்வது பொறிவண்டின் புழு. வண்டைத் தெரிந்த பலருக்கும் அதன் புழுவைத் தெரிவதில்லை, கெட்ட புழு என்று நசுக்கிவிடுகிறார்கள்.

குளவிக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் வளர்ந்த பிறகு தேனும் மகரந்தமும் வேண்டும். கொத்தமல்லியில் நாலு செடி, சோம்பில் நாலு செடி பறிக்காமல் பூக்க விடுங்கள். அந்தச் சின்னப் பூக்களில் ஆழமில்லாமல் தேன் இருப்பதால் குட்டி வாய்க்கும் எட்டும்.

கேள்வி: கத்தரியில் குருத்து வாடித் தொங்குகிறது. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. காயை வெட்டினால் உள்ளே புழு. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் அடித்துப் பலனில்லை.

பலன் இருக்காது. புழு தண்டுக்குள்ளே இருக்கிறது, நீங்கள் அடிப்பது தண்டுக்கு வெளியே. இது குருத்து மற்றும் காய்த்துளைப்பான். வாடிய குருத்துக்குக் கீழே, பச்சையாக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய தண்டின் நடுவில் துளை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வெட்டுங்கள், துளை இல்லாத வெள்ளைச் சதை தெரியும்வரை. வெட்டியதையும் ஓட்டை விழுந்த காய்களையும் சோப்புத் தண்ணீரில் மூழ்கடித்து விடுங்கள். உரக்குழியில் போட்டால் அங்கேயே அந்துப்பூச்சியாகி மறுபடி வரும். வாரம் இரண்டு தடவை இதைச் செய்தாலே அடுத்த தலைமுறை வெகுவாகக் குறையும். செடி கத்தரித்த இடத்தில் புதுக் கிளை விடும், கவலை வேண்டாம். இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். அதில் விழுவது ஆண் அந்து மட்டும். ஆகவே பொறி வைத்துவிட்டுக் குருத்து வெட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். செடியடியில் விழும் காய்ந்த இலைகளையும் பொறுக்குங்கள், கூட்டுப்புழு அதில்தான் ஒளியும்.

கேள்வி: தக்காளி இலையில் வெள்ளைக் கோடுகள், யாரோ பேனாவால் கிறுக்கியது போல.

இலைத்துளைப்பான். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் புழு சுரங்கம் போட்டுக்கொண்டே போகிறது. கோட்டின் அகலமான முனையில் விரலை வைத்து அழுத்துங்கள், புழு அங்கேதான் இருக்கும். கீழ் இலைகளில் மட்டும் என்றால் கிள்ளி எறிந்துவிட்டு மறந்துவிடலாம். வளர்ந்த செடியின் விளைச்சலை இது பெரிதாகப் பாதிக்காது.

கேள்வி: புகையிலையை ஊறவைத்த தண்ணீர் எல்லாப் பூச்சியையும் உடனே கொல்கிறது. இதுவும் இலைதானே, இயற்கைதானே? ஏன் நீங்கள் ஒருபோதும் சொல்வதில்லை?

உடனே கொல்கிறது என்பது உண்மை. அதனால்தான் சொல்வதில்லை. நிகோடின் பூச்சியின் நரம்பைத் தாக்கும் கடும் விஷம். மனிதர்களின் நரம்புக்கும் விஷம்தான். தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கரைசல் கையில் பட்டாலே தலைசுற்றல், குமட்டல் வரலாம். கீரை, தக்காளி என்று பறித்துச் சாப்பிடும் செடியில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதை அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். தேனீ, பொறிவண்டு, குளவி எதையும் அது விட்டுவைக்காது. இன்னொன்று, காய்ந்த புகையிலையிலும் தேமல் வைரஸ் உயிரோடிருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் புகையிலையின் குடும்பம். பூச்சியைக் கொல்லப் போய் மருந்தில்லாத நோயைக் கொண்டுவந்துவிடுவீர்கள். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

கேள்வி: மஞ்சள் ஒட்டும் அட்டை எத்தனை கட்டலாம்?

குறைவாக. வெள்ளை ஈ, இறக்கை முளைத்த அசுவினி, இலைத்துளைப்பானின் ஈ எல்லாம் மஞ்சளுக்கு வரும். இலைப்பேனுக்கு நீலம். செடியின் உச்சிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு வாரம் ஒருமுறை என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பூச்சி வருகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது அருமையான சாதனம். குளவிகளும் பொறிவண்டுகளும் ஒட்டத் தொடங்கினால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பீர்க்கும் பாகலும் பிஞ்சிலேயே வளைந்து அழுகி விழுகின்றன. உள்ளே வெள்ளைப் புழு.

பழ ஈ. பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடுகிறது. குத்திய இடத்தில் பிசின் போல ஒரு துளி கசிந்திருக்கும். புழு வளர்ந்ததும் காயிலிருந்து மண்ணுக்கு இறங்கிக் கூடு கட்டும். ஆகவே விழுந்த காயை ஒரு நாள்கூடத் தரையில் விடக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, நல்ல வெயிலில் பல நாட்கள் கிடத்துங்கள். புதைப்பதானால் இரண்டடி ஆழம் வேண்டும், அரையடியில் புதைத்தால் ஈ வெளியே வந்துவிடும். கொடியடி மண்ணை அவ்வப்போது கிளறிவிட்டால் கூடுகள் வெயிலில் காயும், பறவைகளும் பொறுக்கும். பெண்பூ மகரந்தம் பெற்றுப் பிஞ்சு நிச்சயமானதும் காகிதப் பையால் மூடிவிடுவது எல்லாவற்றையும்விட நம்பகமான வழி. பை அடியில் திறந்திருந்தால் ஈ அந்த வழியாக நுழையும், கட்டிவிடுங்கள். பொறி வாங்கினால் கொடிக்காய்களுக்கு உரிய கியூலூர் கவர்ச்சியைக் கேட்டு வாங்குங்கள். மாவுக்கும் கொய்யாவுக்கும் வைக்கிற மெத்தில் யூஜினால் வேறு ஈக்களுக்கானது.

கேள்வி: வெயில் காலத்தில் ரோஜா இலை வெளிறி, அடியில் சிலந்திவலை போலத் தெரிகிறது. ஆனால் சிலந்தி கண்ணில் படவில்லை.

செஞ்சிலந்தி. பூச்சி இல்லை, எட்டுக்கால் இனம். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். வறண்ட சூடு இதற்குக் கொண்டாட்டம். காலை நேரத்தில் இலையின் அடியில் தண்ணீரை விசையாக அடித்து வலையைக் கலையுங்கள், தொடர்ந்து சில நாள். செடி வாட விடாதீர்கள், தூசி படிய விடாதீர்கள். அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் மாலையில் அடிக்கலாம், கடும் வெப்ப நாட்களில் வேண்டாம். வேப்ப எண்ணெய் அடித்த செடி என்றால் அதற்கும் கந்தகத்துக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும்.